சாண எரிவாயு அடுப்பு மக்கர் செய்தால்: அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிப்பது

தோட்டத்துக்குள் வீடு கட்டிக் குடியிருப்பவர்களுக்கு மின்சாரத்தை விட அடுப்புதான் பெரிய தலைவலி. வெளிச்சத்துக்கும் செல்போனுக்கும் இரண்டு சோலார் தகடும் ஒரு பேட்டரியும் போதும். மூன்று வேளைச் சமையலுக்கு அது காணாது. சிலிண்டர் வண்டி மண் பாதைக்குள் வராது, விறகுக்கு அலைய ஆள் கிடையாது. நாலைந்து மாடு கட்டியிருப்பவர்களுக்கு, சாணக் கரைசலை மூடிய தொட்டிக்குள் செரிக்க விட்டு எரியும் வாயு எடுக்கும் சாண எரிவாயுக் கலன்தான் இருப்பதிலேயே லாபமான வழி. ஆனால் ஊர்ப்பக்கம் போனால் பாதிக் கலன்கள் மண் மூடி, மேலே பூசணிக்கொடி படர்ந்து கிடக்கும். கேட்டால் "அது கெட்டுப்போச்சுங்க" என்பார்கள். நான் கிளறிப் பார்த்த வரை, உண்மையிலேயே கெட்ட கலன் குறைவு. கோளாறு வேறு எங்கோ இருந்திருக்கும், கலன் மேல் பழி விழுந்திருக்கும்.

அதனால் எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் மூன்று கேள்விகள். வாயு உற்பத்தியே ஆகவில்லையா? உற்பத்தியாகி வழியில் கசிந்து போகிறதா? அடுப்பு வரை வந்தும் எரிய மறுக்கிறதா? இந்த மூன்றில் எது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. தெரியாமல் கொத்தனாரைக் கூப்பிட்டால் நல்லாயிருக்கும் டோமை (கலனின் கவிந்த கூரையை) உடைத்துப் பூசிவிட்டுப் போவார்.

உங்களிடம் இருப்பது எந்த வகை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மேலே இரும்பு டிரம்மோ ஃபைபர் டிரம்மோ மிதந்து ஏறி இறங்கினால் அது கதர் கிராமத் தொழில் ஆணையம் பரப்பிய பழைய வகை. எல்லாமே மண்ணுக்குள் புதைந்து, செங்கல் டோமின் உச்சியில் ஒரு குழாய் மட்டும் வெளியே தெரிந்தால் 1984இல் வந்த தீனபந்து வகை. இன்று தோட்டங்களில் அதிகம் இருப்பது இதுதான். டிரம் வகையில் வாயுவின் அழுத்தம் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் உயரத் தண்ணீர் தரும் அழுத்த அளவில் ஒரே சீராக இருக்கும். டோம் வகையில் பூஜ்யத்திலிருந்து 90 சென்டிமீட்டர் வரை ஏறி இறங்கும். இந்த ஒரு வித்தியாசத்தால்தான் இரண்டுக்கும் வைத்தியம் சில இடங்களில் மாறுகிறது.

எல்லாவற்றுக்கும் முன்னால்: ராத்திரிச் சோதனை

டோம் வகைக்கு அழுத்தமானி எதுவும் வாங்க வேண்டாம். கரைசல் வெளியேறும் தொட்டியே அழுத்தமானிதான். உள்ளே வாயு சேரச் சேர அது கரைசலைக் கீழே தள்ளும். தள்ளப்பட்ட கரைசல் வெளித்தொட்டியில் ஏறும். சமைக்கும்போது வாயு குறையும், தொட்டியின் மட்டமும் இறங்கும்.

ராத்திரி சமையல் முடிந்ததும் டோம் உச்சியில் உள்ள மெயின் வால்வை மூடுங்கள். வெளித்தொட்டிச் சுவரில் கரைசல் நிற்கும் மட்டத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. விடிந்ததும் போய்ப் பாருங்கள். மறுநாள் ராத்திரி இதையே மெயின் வால்வைத் திறந்து வைத்து, அடுப்பு வால்வை மட்டும் மூடிவிட்டுச் செய்யுங்கள்.

இரண்டு ராத்திரியும் கோட்டுக்கு மேல் ஒரே அளவு ஏறியிருந்தால் கலனும் சரி, குழாயும் சரி. கோளாறு அடுப்பில், இல்லையென்றால் வாயுவின் தரத்தில். முதல் ராத்திரி ஏறி, இரண்டாம் ராத்திரி ஏறவில்லை என்றால் குழாய் வரிசையில் கசிவு. இரண்டு ராத்திரியும் ஏறவில்லை என்றால் ஒன்று உற்பத்தி இல்லை, அல்லது டோமே கசிகிறது. டிரம் வகைக்கு இதே சோதனைதான். கோட்டை டிரம்மின் மேல் போட்டு, எவ்வளவு எழும்பியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

சோதனை நடக்கும் இரண்டு நாளும் வழக்கம்போல ஒரே அளவு சாணம் ஊற்றுங்கள். ஒரு நாள் ஊற்றி ஒரு நாள் விட்டால் கணக்கு குழம்பிவிடும்.

புதுக் கலன்: மூன்று வாரமாகியும் ஒன்றும் வரவில்லை

முதல் நிரப்பலில் பெரும்பாலும் சாணத்தின் அளவுதான் இடிக்கும். நாளுக்கு 2 கனமீட்டர் வாயு தரும் கலனுக்குத் தினம் 50 கிலோ சாணம், 50 லிட்டர் தண்ணீர். அதாவது நாளுக்கு 100 லிட்டர் கரைசல். அது உள்ளே 40 நாள் தங்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கட்டியிருந்தால் 4,000 லிட்டர். ஆக முதல் தடவை நிரப்பவே கிட்டத்தட்ட 2 டன் சாணம் வேண்டும். வீட்டு மாட்டுச் சாணத்தை மட்டும் நம்பி மாதக்கணக்கில் குவித்து வைத்தால், குவியலின் அடியில் இருப்பது அதற்குள் பாதி எருவாகிவிடும். அதில் வாயு எடுக்கச் சத்து இருக்காது. அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கி, ஓரிரு வாரத்துக்குள் நிரப்பி முடிப்பதுதான் நல்லது.

நிரப்பும்போதே, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கலனிலிருந்து பத்துக்கு ஒரு பங்கு கரைசல் கொண்டுவந்து சேர்த்தால் சீக்கிரம் பிடிக்கும். தயிருக்கு உறை ஊற்றுவது போலத்தான். பக்கத்தில் கலன் இல்லாவிட்டாலும் குற்றமில்லை. எரியும் வாயுவான மீத்தேனைத் தரும் நுண்ணுயிர்கள் மாட்டின் வயிற்றிலிருந்தே சாணத்தோடு வருகின்றன, பெருகக் கொஞ்சம் கூடுதல் நாள் எடுக்கும், அவ்வளவே.

முதலில் சேரும் வாயு எரியாது. அதில் கரியமில வாயுவும் உள்ளே இருந்த காற்றும்தான் அதிகம். அதைத் திறந்த வெளியில் விட்டுவிடுங்கள், பக்கத்தில் பீடி, விளக்கு எதுவும் கூடாது. காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால் அது வெடிக்கும் கலவை. முதல் வாயுவை எரித்துப் பார்க்கும் ஆசைக்கு இடம் கொடுக்காதீர்கள். இரண்டு மூன்று முறை விட்ட பிறகு அடுப்பில் வைத்துப் பற்றவைத்துப் பாருங்கள். எப்போதுமே சோதனை அடுப்பில்தான், டோம் உச்சிக் குழாயில் தீக்குச்சி வைக்கவே கூடாது.

வாயு பிடிக்கும் வரை தினமும் சாணம் ஊற்றாதீர்கள். "வரலையே, இன்னும் கொஞ்சம் போடுவோம்" என்று ஊற்றுவதுதான் அடுத்த அறிகுறிக்குக் காரணம்.

வாயு சேருகிறது, ஆனால் தீ பிடிக்கவில்லை

ராத்திரிச் சோதனையில் மட்டம் நன்றாக ஏறியிருக்கும். அடுப்பைத் திறந்தால் 'உஸ்' என்று காற்று வரும். தீக்குச்சியை அணைத்துவிட்டுப் போகும். இது கலனுக்குப் புளிப்பு ஏறியதன் அடையாளம்.

உள்ளே இரண்டு வேலை நடக்கிறது. ஒரு கூட்டம் நுண்ணுயிர்கள் சாணத்தை உடைத்து அமிலமாக்குகின்றன. இன்னொரு கூட்டம் அந்த அமிலத்தைத் தின்று மீத்தேனாக்குகிறது. முதல் கூட்டம் வேகம், இரண்டாவது கூட்டம் நிதானம். அளவுக்கு மீறி ஊற்றினால் அமிலம் தேங்கும். தேங்கிய அமிலத்தில் இரண்டாவது கூட்டம் படுத்துவிடும். அப்புறம் வருவதெல்லாம் கரியமில வாயு. சரியாக ஓடும் கலனில் மீத்தேன் 55, 60 சதவீதம் இருக்கும். அது வெகுவாகக் குறைந்தால் சுடர் நிற்காது.

வெளித்தொட்டிக் கரைசலை மோந்து பாருங்கள். நன்றாகச் செரித்த கரைசலில் வாடையே அதிகம் இருக்காது. புளித்த வாடை அடித்தால் சந்தேகம் உறுதி. ரசாயனப் பொருள் விற்கும் கடைகளில் புளிப்பை அளக்கும் பி.எச். காகிதம் கிடைக்கும். 6.8 முதல் 7.5 வரை காட்டினால் நல்லது, 6.5க்குக் கீழே போனால் கலன் புளித்துவிட்டது.

வைத்தியம் எளிது, பொறுமைதான் வேண்டும். ஊற்றுவதை நிறுத்துங்கள். ஒரு வாரம், பத்து நாள். சேரும் வாயுவை அவ்வப்போது வெளியே விடுங்கள். மூங்கில் கழியை உள்ளே போகும் குழாய் வழியாக விட்டு நாளுக்கு இரண்டு முறை கலக்குங்கள். எரிய ஆரம்பித்ததும் வழக்கமான அளவில் கால் பங்கு, பிறகு அரைப் பங்கு என்று ஏற்றுங்கள். பத்து நாள் பட்டினி போட்டும் அசையவில்லை என்றால் மட்டும் நீர்த்த சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக, பி.எச். பார்த்துப் பார்த்துச் சேர்க்கலாம். ஒரே நாளில் ஒரு மூட்டை கொட்டினால் அது வேறு வியாதி.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கலனில் புளிப்புக்குச் சாணம் காரணமாவது அரிது. சமையலறைக் கழிவுதான் பெரும்பாலும் குற்றவாளி. கல்யாணத்தில் மிஞ்சிய சோறு, அழுகிய தக்காளி இரண்டு கூடை, எல்லாவற்றையும் "வீணாகப் போகுதே" என்று கலனில் கொட்டுவார்கள். சோறும் கஞ்சியும் சாணத்தை விடப் பல மடங்கு வாயு தரக்கூடியவைதாம். மாடில்லாத வீடுகளுக்கென்றே சோறு, மாவுக் கழிவில் ஓடும் சின்னக் கலன்கள் உண்டு. ஆனால் சாணத்துக்குப் பழகிய கலனுக்கு அதைத் திடீரென்று கொடுக்கக் கூடாது. தினம் ஒரு சின்னச் சட்டி, கரைத்து ஊற்றினால் போதும். கோழி எச்சமும் அப்படித்தான். அதில் தழைச்சத்து மிக அதிகம், அமோனியா ஏறிக் கலன் மயங்கிவிடும். சாணத்தோடு கொஞ்சமாகக் கலந்தால் நல்லது, தனியாகப் போட்டால் கெடுதல்.

இன்னொன்று. புளிப்பு எதுவும் இல்லை, கரைசல் நன்றாக இருக்கிறது, ஆனால் தீ நிற்கவில்லை என்றால் அடுப்பைப் பாருங்கள். சிலிண்டர் அடுப்பை அப்படியே மாட்டியிருப்பார்கள். எல்பிஜி ஒரு கனமீட்டரில் சாண வாயுவை விட நாலு மடங்குக்கு மேல் சூடு தரும். அதனால் அதில் வாயு பீச்சும் ஜெட் ஓட்டை ஊசிமுனை அளவுதான் இருக்கும். சாண வாயுவுக்கு அந்த ஓட்டை போதவே போதாது. இதற்கென்று செய்த அடுப்பு வாங்குவதுதான் முறை. ஜெட்டைத் தாங்களே துளைத்துப் பெரிதாக்கிக்கொள்பவர்கள் உண்டு. துளை கொஞ்சம் கோணலானாலும் காற்றுக் கலவை சரியாக வராது. நான் அதைச் செய்யச் சொல்ல மாட்டேன்.

சுடர் குதிக்கிறது, 'பக் பக்' என்று அணைந்து எரிகிறது

குழாயில் தண்ணீர். வேறு எதையும் யோசிக்க வேண்டாம், முதலில் இதைப் பாருங்கள்.

கலனிலிருந்து வரும் வாயு ஈரம் நிறைந்தது. ராத்திரி குழாய் குளிரும்போது அந்த ஈரம் தண்ணீராகி, குழாய் எங்கே தாழ்ந்திருக்கிறதோ அங்கே தேங்கும். வாயு அந்தத் தண்ணீருக்குள் முக்குளித்து வரும்போதுதான் சுடர் குதிக்கிறது. தண்ணீர் இன்னும் கூடினால் வழியே அடைத்துவிடும். கலனில் வாயு நிறைந்திருக்கும், அடுப்பில் ஒன்றும் வராது.

ஒரு வீட்டில் இப்படித்தான், கலன் போச்சு என்று முடிவே கட்டிவிட்டார்கள். ராத்திரிச் சோதனையில் மட்டம் ஒன்றரைச் சாண் ஏறியிருந்தது. குழாயைத் தொடர்ந்து வந்தால் சமையல்கட்டில் மாவு டின்னுக்குப் பின்னால் ரப்பர் ஹோஸ் தொட்டில் மாதிரி தொங்கியது. மெயின் வால்வை மூடி, ஹோஸைக் கழற்றித் தூக்கிப் பிடித்தால் அரை டம்ளர் கலங்கல் தண்ணீர் தரையில் கொட்டியது. மாட்டி, திறந்து, பற்றவைத்தால் நீலமாக நின்று எரிந்தது. அந்த வீட்டு அம்மா "இதுக்கா ரெண்டு மாசமா விறகு பொறுக்கினேன்" என்று வீட்டுக்காரரைப் பார்த்த பார்வையை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

நிரந்தர வழி: குழாய் முழுவதும் கலன் பக்கமாகவோ ஒரு குறிப்பிட்ட தாழ்ந்த இடத்துக்கோ சரிவாக இருக்க வேண்டும். நூறு அடிக்கு ஓரடி சரிவு போதும். தாழ்ந்த இடத்தில் ஒரு டீ (T வடிவக் குழாய் இணைப்பு) போட்டு, கீழே ஒரு சாண் குழாயும் முனையில் ஒரு டேப்பும் வையுங்கள். வாரம் ஒருமுறை திறந்து தண்ணீரை இறக்கிவிட்டு, வாயு வந்ததும் மூடுங்கள். மார்கழி, தை மாதங்களில் இரண்டு நாளுக்கு ஒருமுறை தேவைப்படலாம். குழாய் மேல் மாடு மிதித்தோ வண்டி ஏறியோ நடுவில் பள்ளம் விழுந்திருந்தால் எத்தனை டேப் வைத்தாலும் பலனில்லை. அந்த இடத்தைத் தோண்டிச் சமமாக்க வேண்டும்.

மஞ்சள் சுடர், பாத்திரத்தில் கரி

காற்று போதவில்லை. பர்னர் குழலில் காற்றுப் போகும் ஓட்டையின் மேல் ஒரு வளையம் இருக்கும். அதைத் திருப்பிக் கொஞ்சம் திறங்கள். அப்படியும் மஞ்சளாகவே இருந்தால் ஓட்டைக்குள் சிலந்தி கூடு கட்டியிருக்கும், இல்லையென்றால் பொங்கி வழிந்த கஞ்சி பர்னர் துளைகளில் காய்ந்திருக்கும். கழற்றி வெந்நீரில் ஊற வைத்துத் துளைகளைக் குத்திவிடுங்கள். பித்தளை ஜெட்டுக்கு மட்டும் இரும்புக் கம்பி வேண்டாம், ஓட்டை பெரிதாகிவிடும், ஈர்க்குச்சி போதும்.

சரியான சுடர் நீலமாக, பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாத அளவுக்கு இருக்கும். "எரியவே இல்லை" என்று கையை நீட்டிச் சுட்டுக்கொள்கிறவர்கள் இதனால்தான்.

சுடர் பர்னரை விட்டு எழும்பிப் பறக்கிறது

டோம் வகையில் காலையில் மட்டும் இப்படி ஆகும். ராத்திரி முழுக்கச் சேர்ந்த அழுத்தம். சாண வாயு அடுப்புகள் 8 சென்டிமீட்டர் தண்ணீர் அழுத்தத்தை ஒட்டிச் செய்யப்பட்டவை. டோமில் அதைப்போல் பத்து மடங்கு நிற்கலாம். மெயின் வால்வைப் பாதி மூடி வைத்துச் சமையுங்கள், அழுத்தம் இறங்க இறங்கத் திறந்துகொள்ளலாம். காற்று வளையத்தையும் கொஞ்சம் மூடலாம்.

நன்றாக ஓடிய கலன் மாதத்துக்கு மாதம் குறைகிறது

இதற்குக் காரணம் ஒன்றல்ல. ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வர வேண்டும்.

முதலில் சாணத்தை எடை போடுங்கள். கண் அளவு வேண்டாம். ஒரு கிலோ பச்சைச் சாணத்துக்கு ஏறக்குறைய 40 லிட்டர் வாயு. ஒரு பர்னர் ஒரு மணி நேரம் எரிய ஏறக்குறைய 450 லிட்டர் வேண்டும். மாட்டுக்குப் பத்துக் கிலோ, எருமைக்குப் பதினைந்து, கன்றுக்கு ஐந்து என்று கணக்குப் போட்டுத்தான் கலன் கட்டியிருப்பார்கள். ஆனால் மாடு பகலெல்லாம் மேய்ச்சலில் இருந்தால் பாதிச் சாணம் காட்டில் விழுந்துவிடும். ஐந்து மாடு இருக்கிறது என்பது ரேஷன் கார்டுக் கணக்கு; கட்டுத்தறியில் விழுவதுதான் கலன் கணக்கு. ஒரு மாட்டை விற்றிருப்பீர்கள், ஒன்று வற்றுக்கறவையாகித் தீனி குறைந்திருக்கும். அதற்குக் கலன் என்ன செய்யும்?

அடுத்தது கரைசலின் பதம். சாணமும் தண்ணீரும் சம பங்கு. கைவிட்டு எடுத்தால் இட்லி மாவை விட நீர்த்து, மோரை விடக் கெட்டியாக இருக்க வேண்டும். தண்ணீர் அதிகமானால் சத்து அடியிலும் நார் மேலேயும் பிரிந்து, நடுவில் வெறும் தண்ணீர் இடத்தை அடைத்துக்கொள்ளும். செரிக்கும் முன்பே சாணம் வெளியேறிவிடும். தண்ணீர் குறைந்தால் கரைசல் நகராது, வாயுக் குமிழி மேலே வரத் திணறும். கோடையில் போர் தண்ணீர் வற்றும்போது தண்ணீர் பங்கில்தான் முதலில் கை வைப்பார்கள். அந்த நேரத்தில் வெளியே வந்த கரைசலையே தண்ணீருக்குப் பதிலாகப் பாதி வரை திருப்பி ஊற்றலாம்.

மூன்றாவது, மேலே ஏடு கட்டுவது. வைக்கோல், சோளத்தட்டு, தேங்காய் நார் எல்லாம் மிதந்து ஒன்றோடொன்று பின்னி, பாய் விரித்தது போலக் கெட்டியாகும். அதைத் துளைத்து வாயு மேலே வராது. சாணம் கரைக்கும் தொட்டியிலேயே நாரை அள்ளி வெளியே போட்டால் இது வராது. வந்துவிட்டால் கழியை விட்டு நாள்தோறும் ஐந்து நிமிடம் கலக்குங்கள். டிரம் வகைக்காரர்கள் பாக்கியசாலிகள், டிரம்மைக் காலையும் மாலையும் அரைச் சுற்று இடமும் வலமுமாகத் திருப்பினாலே ஏடு உடையும்.

நான்காவது, மணல். மண் தரைத் தொழுவத்தில் சாணத்தை வழித்தெடுக்கும்போது ஒவ்வொரு கூடையிலும் ஒரு கை மண் சேர்ந்தே வரும். அது செரிக்காது, வெளியேறாது, அடியில் படிந்துகொண்டே போகும். சில வருடங்களில் கலனின் கொள்ளளவில் ஒரு பங்கு வெறும் மணலாகிவிடும். கரைத்த பிறகு சில நிமிடம் தெளிய விட்டு அப்புறம் அடைப்பைத் திறங்கள். கரைக்கும் தொட்டியின் தரை, குழாய்க்கு எதிர்ப்பக்கம் சரிந்திருந்தால் மணல் அங்கேயே தங்கும். சரிவு குழாய்ப் பக்கமே இருந்தால் ஒரு சட்டி சிமெண்ட் கலவையில் மாற்றிவிடலாம்.

கடைசியாகக் குளிர். உள்ளே இருக்கும் நுண்ணுயிர்களுக்கு 35 டிகிரி வாக்கில்தான் உற்சாகம். 20க்குக் கீழே வேகம் நன்றாகக் குறையும், 10க்குக் கீழே கிட்டத்தட்ட நின்றுவிடும். சமவெளியில் மார்கழியில் கொஞ்சம் குறைவது இயல்பு. மலைப்பகுதியில் கலனைப் பெரிதாகக் கட்டியிருந்தால்தான் தாங்கும். வெயிலில் வைத்த தண்ணீரில், காலையில் இல்லாமல் பதினோரு மணிக்கு மேல் கரைத்து ஊற்றுங்கள். டோமின் மேல் வைக்கோலோ எருவோ கனமாகப் போட்டு மூடுங்கள். தண்ணீரில் ஒரு பங்குக்குப் பதில் மாட்டு மூத்திரம் சேர்ப்பதும் உதவும்.

நேற்று வரை எரிந்தது, இன்று சுத்தமாக இல்லை

ஒரே நாளில் நிற்பது பெரும்பாலும் இயந்திரக் கோளாறு. வால்வு, அடைப்பு, கழன்ற ஹோஸ், எலி கடித்த குழாய். வெயில்படும் பிவிசி குழாய் சில வருடத்தில் நொறுங்கும்.

இரண்டு மூன்று நாளில் படிப்படியாகச் செத்துப்போனால் உள்ளே ஏதோ விஷம் போயிருக்கிறது. தொழுவத்தை ஃபீனாயில், பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிய தண்ணீர் கலனுக்குள் போனதா? மடிநோய்க்கு ஆன்டிபயாடிக் ஊசி போட்ட மாட்டின் சாணமா? அந்த மாட்டின் சாணத்தை ஒரு வாரம் எருக்குழிக்குத் தனியாக அனுப்புங்கள். விஷம் போன கலனை ஊற்றாமல் சில நாள் விட்டு, வேறு கலனிலிருந்து கரைசல் கொண்டுவந்து உறை ஊற்றுவதுதான் வழி.

கசிவு

சோப்பு நுரை. துணி துவைக்கும் சோப்பைக் குழைத்து ஒவ்வொரு இணைப்பிலும் பூசுங்கள். குமிழி விடும் இடம்தான் ஓட்டை. தீக்குச்சி வைத்துக் கசிவு தேடுவது வேண்டவே வேண்டாம். சமையல்கட்டில் அழுகிய முட்டை வாடை வந்தால் ஜன்னல் கதவைத் திறங்கள், சோலார் விளக்கின் ஸ்விட்சைக்கூடத் தொடாதீர்கள். மீத்தேன் காற்றை விட இலேசானது, கூரைக்கடியில் போய்த் தங்கும்.

டோம் கசிவுக்கு ஒரு நல்ல துப்பு உண்டு. வெளித்தொட்டி மட்டம் கொஞ்சமும் ஏறவில்லை என்றால் விரிசல் உச்சியில், குழாய் பதித்த கழுத்தில் இருக்கும். மேல் மண்ணை எடுத்துவிட்டு நுரை ஊற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். வெளியிலிருந்தே பூசி அடைக்க முடிவதும் உண்டு. மட்டம் தினமும் ஒரே உயரம் வரை ஏறி அங்கேயே நின்றுபோனால், விரிசல் டோமின் பக்கச் சுவரில், கரைசல் இறங்கும்போது வெளிப்படும் உயரத்தில் இருக்கிறது. அதற்குக் கலனைக் காலி செய்தாக வேண்டும்.

காலி செய்த கலனுக்குள் நீங்களும் இறங்காதீர்கள், கூலிக்கு ஆள் பிடித்தும் இறக்காதீர்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடும் கரியமில வாயுவும் காற்றை விடக் கனமானவை, அடியில் தேங்கும். ஹைட்ரஜன் சல்ஃபைடு செறிவாக இருந்தால் மூக்கே மரத்துப்போகும், வாடை தெரியாது. மயங்கியவரைத் தூக்கப் போய் அடுத்தவரும் விழுவதுதான் இந்த விபத்துகளில் நடப்பது. பாழுங்கிணற்றில் இறங்கும் முன் விளக்கை இறக்கிப் பார்க்கும் பழக்கம் நம் ஊரில் உண்டு. இங்கே அதைச் செய்தால் குழியே வெடிக்கும். காற்றடிக்கும் கருவி, வாயுமானி, கயிறு, மேலே ஆட்கள் என்று முறையாகச் செய்யும் பயிற்சி பெற்றவர்களிடம் விட்டுவிடுங்கள்.

கரைசல் வெளியே வழியவில்லை, அல்லது வாயுக் குழாயில் சாணம் வருகிறது

இரண்டும் ஒரே கோளாறின் இரண்டு முகம். வெளித்தொட்டியின் வழியும் வாயில் காய்ந்த சாணம் அடைத்திருக்கும். தினம் 100 லிட்டர் உள்ளே போகிறது, வெளியே போக வழி இல்லை. டோமுக்குள் மட்டம் ஏறிக் கடைசியில் வாயுக் குழாய்க்குள் சாணம் நுழையும். வழிவாயைச் சுத்தம் செய்து, தொட்டியிலிருந்து வாளி வாளியாக எடுத்து மட்டத்தை இறக்குங்கள். குழாயில் ஏறிய சாணத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவியாக வேண்டும், காய்ந்துவிட்டால் குழாயையே மாற்ற வேண்டியதுதான்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இதே அறிகுறி வந்தால் மழைத்தண்ணீர் தொட்டி வழியாக உள்ளே இறங்குகிறது. இரண்டு தொட்டிக்கும் பலகைக்கல் மூடி போடுங்கள். குழந்தைகளும் கோழிகளும் விழாமல் இருக்கவும் அது அவசியம்.

டிரம் ஏறாமல் சாய்ந்து நிற்கிறது

நடுக்குழாயில் துரு பிடித்துச் சிக்கியிருக்கும், அல்லது ஒரு பக்கம் ஏடு கட்டித் தள்ளும். ஏட்டை வாரி எடுத்து, நடுக்குழாய்க்குக் கிரீஸ் போட்டுத் திருப்பிவிடுங்கள். இரும்பு டிரம்முக்கு வருடம் ஒருமுறை பெயின்ட் அடிக்காதவர்கள் ஓட்டை விழுந்த பிறகு வருத்தப்படுகிறார்கள்.

வெளியே வரும் கரைசல் நாறுகிறது, ஈ மொய்க்கிறது

செரிக்காமல் வெளியேறுகிறது. அளவுக்கு மேல் ஊற்றுகிறீர்கள், அல்லது உள்ளே மணல் இடத்தைப் பிடித்துக்கொண்டது. நன்றாகச் செரித்த கரைசலை ஈ சீண்டாது. வாழைக்கும் கம்பு நேப்பியர் தீவனப் புல்லுக்கும் பாசனத் தண்ணீரோடு விட்டால் ஒரே வாரத்தில் பச்சை ஏறுவது தெரியும்.

வாயு மிஞ்சுகிறது

இதையும் கோளாறாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். வெளித்தொட்டியில் குமிழி கொதிப்பது போல வந்தால் டோம் நிறைந்து, வாயு கரைசல் வழியாகத் தப்பிக்கிறது. வெறுமனே விடும் மீத்தேன் கரியமில வாயுவைப் போல இருபத்தைந்து மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும், ஆகவே எரித்துவிடுவதே மேல். ஊருக்குப் போவதாக இருந்தால் இரண்டு நாள் முன்பே ஊற்றுவதைப் பாதியாக்குங்கள். தினமும் மிஞ்சினால் மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வேக வைக்கலாம், குளிக்க வெந்நீர் போடலாம், பக்கத்துச் சாளைக்கு ஒரு குழாய் இழுத்துக் கொடுக்கலாம். இருபது மீட்டருக்கு மேல் இழுப்பதென்றால் அரை அங்குலக் குழாய் வேண்டாம், ஓரங்குலமாகப் போடுங்கள். நடுவில் தண்ணீர் இறக்கும் டேப்பையும் மறக்காமல் வைத்துவிடுங்கள்.